ஒரே தாய், ஒரே தந்தை, மூன்று ரோஜாக்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரோஜாவைப் பற்றியவை. எது மணக்கும், எது நோய் தாங்கும், எது எவ்வளவு உயரம் போகும் என்று ஆளுக்கொரு பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. அது நானும் பல வருடம் மனதில் போட்டுப் புரட்டிய கேள்வி.

கேள்வி: அம்மா, அடர் சிவப்பில், நல்ல வாசனையோடு ஒரு ரோஜா வேண்டும். மிஸ்டர் லிங்கன் என்கிறார் ஒருவர், பாப்பா மெய்லாண்ட் என்கிறார் இன்னொருவர், ஒக்லஹோமாதான் என்கிறார் மூன்றாமவர். படத்தில் மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. என்னிடம் ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது.

ஒன்றாகத் தெரிவதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. மூன்றும் கூடப் பிறந்தவை. தாய் கிரைஸ்லர் இம்பீரியல், தந்தை சார்ல்ஸ் மல்லெரின். பாப்பா மெய்லாண்ட் 1963-ல் பிரான்சில் அலேன் மெய்லாண்ட் வெளியிட்டது. தன் தாத்தாவின் பெயரை அதற்கு வைத்தார். மற்ற இரண்டும் 1964-ல் அமெரிக்காவில் ஸ்விம், வீக்ஸ் என்ற இருவரின் கையில் வந்தவை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்கள் அதே இரண்டு செடிகளைச் சேர்த்து, ஒரு வருட இடைவெளியில் இப்படி மூன்று பிள்ளைகளைக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றையும் ஒரே வரிசையில், மூன்றடி இடைவெளி விட்டு, ஒரே தொழுஉரம், ஒரே வெயில், ஒரே தண்ணீர் என்று ஆறு வருடம் வளர்த்தேன். ஒரு வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு வேறுபடுவார்கள் என்று அந்த வரிசையைப் பார்த்தால் புரியும்.

மிஸ்டர் லிங்கன் நெடுநெடுவென்று மேலே போகும். கவாத்து செய்தாலும் ஐந்தாறு அடியை எட்டிவிடும். ஒரு நீண்ட தண்டு, அதன் நுனியில் ஒரு பூ. ஜாடியில் வைக்க இதைவிட நல்ல தண்டு கிடையாது. ஆனால் செடியின் கீழ்ப்பாதி மொட்டையாக நிற்கும். முழங்கால் உயரம் வரை இலையே இருக்காது. பாப்பா மெய்லாண்ட் அதைவிடக் குட்டை, முள் அதிகம். மொட்டு விரியும் நேரத்தில் இதழ் ஓரம் கறுத்து வெல்வெட் போல இருக்கும், அந்த நிறத்தை மற்ற இரண்டிலும் நான் பார்த்ததில்லை. ஒக்லஹோமா பக்கவாட்டில் பரவும். மூன்றிலும் பெரிய பூ அதனுடையதுதான். என் செடியில் அந்தப் பூ தன் கனத்தைத் தானே தாங்காமல் தலைகவிழ்ந்து நின்றது. குனிந்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.

இனி நோய். இரவில் குளிர்ந்து பகலில் வெயில் அடிக்கும் நாட்களில், இலையில் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய் முதலில் வந்து உட்கார்வது பாப்பா மெய்லாண்டின் கொழுந்தில்தான். ஆறு வருடமும் அப்படித்தான். இரண்டாவது ஒக்லஹோமா. மிஸ்டர் லிங்கன் தப்பிக்கவில்லை, ஆனால் தாங்கிக்கொண்டது. மழை விடாமல் பெய்த வாரங்களில் கரும்புள்ளி மூன்றிலும் வந்தது. அதில் அண்ணன் தம்பி வித்தியாசம் எதுவும் இல்லை.

வாசனையைப் பற்றி என் மூக்கைவிட என் மாமியாரின் மூக்கையே நான் நம்பினேன். கடைசி சில வருடங்கள் அவருக்குக் கண் பார்வை இல்லை. காலையில் மூன்று பூவைப் பறித்து மூன்று டம்ளரில் போட்டு முன்னால் வைப்பேன். இரண்டு வாரத்தில் பிரித்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். மிஸ்டர் லிங்கனை 'பன்னீர்' என்பார். ஒரு கலப்பும் இல்லாத சுத்தமான பன்னீர் ரோஜா மணம். பாப்பா மெய்லாண்டை 'எலுமிச்சை' என்பார். பன்னீர் வாசனைக்குப் பின்னால் பழத்தோல் கிள்ளினால் வரும் ஒரு நெடி அதில் உண்டு. ஒக்லஹோமாவிடம் கொஞ்ச நேரம் நிற்பார். 'இது கனமா இருக்கு' என்பார். அது மணத்தையா, பூவின் எடையையா என்று நான் கேட்டதில்லை. அமெரிக்க ரோஜா சங்கம் வாசனைக்காகக் கொடுக்கும் கேம்பிள் விருதை பாப்பா மெய்லாண்ட் 1974-லும் மிஸ்டர் லிங்கன் 2003-லும் வாங்கின. ஆகவே மணத்தில் தோற்ற பிள்ளை என்று யாரையும் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு என் பதில் மிஸ்டர் லிங்கன். வாரத்துக்கு ஒருமுறைதான் செடியைத் திரும்பிப் பார்க்க முடிகிற ஆளாக இருந்தால் அதில் சந்தேகமே வேண்டாம். பாத்தியின் பின்வரிசையில் வைத்து, அதன் மொட்டைக் காலை மறைக்கக் குட்டையாக எதையாவது முன்னால் நடுங்கள். தினமும் காலையில் இலையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் என்றால் மட்டும் பாப்பா மெய்லாண்ட். என் வரிசையில் இப்போது மிஞ்சி நிற்பதும் அதுதான். அதற்குக் காரணம் அதன் ஆரோக்கியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நர்சரியில் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். அங்கே அவ்வளவு மணந்த செடி வீட்டில் பூத்தால் பச்சைத் தண்ணீர் போல இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று என்று முடிவு கட்டும் முன் ஒரு வாரம் நேரத்தை மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். பூ பாதி விரிந்து, மகரந்தம் இன்னும் காயாத நிலையில், காற்று அசையாத, கொஞ்சம் ஈரப்பதமுள்ள, இதமான காலையில்தான் ரோஜா முழு மணத்தையும் கொடுக்கும். மொட்டு இறுகியிருந்தால் வராது. இரண்டு நாள் ஆன பூவில் போய்விட்டிருக்கும். உச்சி வெயிலும் வறண்ட காற்றும் வந்த மணத்தை உடனே கொண்டுபோய்விடும். ரோஜா எண்ணெய் எடுக்கும் பல்கேரியாவின் வயல்களில் விடியற்காலையிலேயே பறித்து முடிப்பது இதனால்தான். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். அவர்களால் மணத்தை வெயிலுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

எங்கே முகர்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெரும்பாலான தோட்ட ரோஜாக்களில் மணம் இதழில் இருக்கிறது. மஸ்க் ரோஜா வம்சத்தில் அது மகரந்தக் காம்புகளில் இருக்கிறது. அங்கே இதழில் மூக்கை வைத்தால் ஒன்றும் தெரியாது, நாலடி தள்ளி நின்றால் காற்றில் வரும். மாஸ் ரோஜாவில் மொட்டின் மேலுள்ள பாசி போன்ற முடியைத் தடவினால் விரலில் பிசின் மணம் ஒட்டும். ஸ்வீட் பிரையர் என்ற காட்டு ரோஜாவில் இலையைக் கசக்கினால் ஆப்பிள் வாசனை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மணமே இல்லை என்றால், அந்த ரகத்தில் மணம் செய்யும் வேலையே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 2015-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதைச் சோதித்தபோது எடுத்துக்கொண்டது நம் பாப்பா மெய்லாண்டைத்தான். பக்கத்தில் அதே போல சிவந்த, ஆனால் மணக்காத ரூஜ் மெய்லாண்டை வைத்து ஒப்பிட்டார்கள். ரோஜா மணத்தின் முக்கியப் பொருளான ஜெரானியாலை உண்டாக்குவதில் நுடிக்ஸ் குடும்பத்து நொதி ஒன்றுக்குப் பங்கு இருக்கிறது என்று கண்டார்கள். மணக்கும் செடியின் இதழில் அது மும்முரமாக வேலை செய்கிறது, மணக்காததில் ஏறக்குறைய இல்லை. உரத்தாலோ தண்ணீராலோ அதை வரவைக்க முடியாது. இருக்கிற மணத்தைத்தான் நம்மால் பார்த்துக்கொள்ள முடியும்.

கேள்வி: வாசனை ரோஜா என்றாலே நோஞ்சான் செடிதானா? ஒன்று மணம், இல்லையென்றால் ஆரோக்கியம் என்கிறார் என் அண்ணன்.

உங்கள் அண்ணன் பார்த்த செடிகளை வைத்துச் சொல்கிறார். அது முழு உண்மை இல்லை.

பழைய கதை ஒன்று இருக்கிறது. தோட்ட ரோஜாவில் நல்ல மஞ்சள் நிறம் வேண்டுமென்று லியோன் நகரத்துப் பெர்னே-டுஷே பல வருடம் பாடுபட்டு, பெர்ஷியன் யெல்லோ என்ற செடியைச் சேர்த்து, 1900-ல் சொலேய் டோர் என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களில் மிகப் பலவற்றுக்கும் அதுவே மூதாதை. நிறத்தோடு கரும்புள்ளிக்கு எளிதில் ஆளாகும் குணமும் சேர்ந்து வந்துவிட்டது. பிறகு பூவின் வடிவத்துக்காகவும் நிறத்துக்காகவும் பல தலைமுறை தேர்ந்தெடுத்தார்கள்; இலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் குறைவு, மருந்து அடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். டபுள் டிலைட் அந்தக் காலத்துச் செடி. 1977-ல் வந்தது, வெண்ணெய் நிறத்தில் சிவப்பு விளிம்பு, அந்தச் சிவப்பு வெயில் பட்டுத்தான் ஏறும். காரமான இனிப்பு மணம். அதைப் பார்த்தவுடன் வாங்காமல் வந்தவர்களை நான் கண்டதில்லை. மழைக்காலம் முடியும்போது பாதி இலையோடு நிற்கும். உங்கள் அண்ணன் இதைத்தான் வளர்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் நாக் அவுட். வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000-ல் வந்தது. கரும்புள்ளியைத் தாங்குவதில் அதற்கு இணை சொல்வது கடினம், விடாமல் பூக்கும், தானே உருண்டையாக வளரும். மணம் இல்லை என்றே சொல்லலாம். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் சொன்னதுதான் சரி என்று தோன்றும்.

ஆனால் சன்ஸ்பிரைட் இருக்கிறதே. கார்டெஸ் குடும்பம் ஜெர்மனியில் உருவாக்கிய மஞ்சள் ஃபுளோரிபண்டா, அதாவது கொத்தாகப் பூக்கும் வகை. ஃப்ரீசியா என்றும் பெயர். செடிகளின் உறுதியைச் சோதிக்கும் ஜெர்மனியின் ஏ.டி.ஆர் சான்றிதழ் 1973-ல் அதற்குக் கிடைத்தது. வாசனைக்கான கேம்பிள் விருது 1979-ல். மஞ்சளாகவும் இருந்து, மணத்துக்கும் பரிசு வாங்கி, செடியாகவும் நின்று காட்டியது. இடுப்பு உயரம்தான், தொட்டிக்கும் ஒத்துவரும். நான் வைத்த நாலும் இன்னும் இருக்கின்றன.

ஏ.டி.ஆர் சோதனை பற்றி ஒரு வார்த்தை. இப்போது அங்கே மூன்று வருடம் பல இடங்களில் செடியை நட்டு, மருந்தே அடிக்காமல் பார்க்கிறார்கள். 1997-க்குப் பிறகு சான்றிதழ் பெற்ற ரகம் என்றால் அது மருந்தில்லாமல் நின்ற ரகம். பெயர்ச்சீட்டில் அது இருந்தால் என் கை தானாக நீளும். அப்படியும் ஒரு எச்சரிக்கை உண்டு: கரும்புள்ளிப் பூஞ்சையில் பல இனங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் பளபளவென்று நிற்கும் செடி, வேறு இனம் உலவும் இடத்தில் புள்ளி வாங்கும். அதனால் உங்கள் பகுதியில் யாராவது இரண்டு மழைக்காலம் வளர்த்த செடியைப் போய்ப் பார்ப்பது எந்தச் சான்றிதழையும்விட நல்லது. பூக்கும் மாதத்தில் போகாதீர்கள். அந்தச் செடி மோசமாக இருக்கும் மாதத்தில் போங்கள்.

கேள்வி: சாம்பல் நோய், கரும்புள்ளி இரண்டுக்கும் இலையை நனைக்காதே என்கிறார்கள். சரிதானே?

கரும்புள்ளிக்குச் சரி. அதன் வித்து முளைத்து உள்ளே புக, இலை ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். மண்ணில் கிடந்தால் அடுத்த மழைத்துளி அதே நோயை மேலே தெறிக்கவிடும்.

சாம்பல் நோய் நேர்மாறானது. அதற்கு ஈர இலை தேவையில்லை, ஈரக் காற்று போதும். இலையில் தண்ணீர் நின்றால் அதன் வித்து சரியாக முளைக்காது. காலையில் கொழுந்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் நன்றாகவே கட்டுப்படும்; சாயங்காலத்துக்குள் இலை காய்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நெருக்கமாக நட்டுக் காற்றை அடைத்துவிட்டால் இரண்டு நோய்க்கும் வசதி.

கேள்வி: வாசல் வளைவில் ஏற்ற ஒரு கொடி ரோஜா வேண்டும். சின்னக் குழந்தைகள் ஓடும் வழி. முள் இல்லாமல், மணமாக, நோய் வராமல் எது இருக்கிறது?

நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் உடனே பதில் சொல்லலாம். ஜெஃபிரின் த்ரூவான், 1868-ல் வந்த, பூர்பான் என்ற பழைய வகை ரோஜா. முள்ளே இல்லை. அடர்ந்த இளஞ்சிவப்பு, நல்ல மணம், கொஞ்சம் நிழலையும் தாங்கும். ஆனால் சாம்பலும் கரும்புள்ளியும் தவறாமல் தேடி வரும். நியூ டான், 1930-ல் வந்தது. அமெரிக்காவில் செடி ஒன்றுக்குத் தரப்பட்ட முதல் காப்புரிமை 1931-ல் இதற்குத்தான். இலை கண்ணாடி போல மின்னும், நோயை அலட்சியமாகத் தாண்டும், இருபதடி போகும், மென்மையான மணமும் உண்டு. முள்ளோ கொக்கி போல இருக்கும். என் முன்கையில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

குழந்தைகள் ஓடும் வழி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. ஜெஃபிரினை வையுங்கள். இலை நோயை நாம் பார்த்துக்கொள்ளலாம், குழந்தையின் கண்ணைப் பணயம் வைக்க முடியாது. சுவரோடு ஒட்டாமல், காற்று இரண்டு பக்கமும் போகும் வளைவில் அதற்கு நோயும் குறையும். நியூ டானுக்குப் பின்பக்க வேலி இருந்தால் அங்கே ஒன்று.

எந்தக் கொடியானாலும் கிளையை நேராக மேலே ஏற விடாதீர்கள். நேராகப் போகும் கிளை நுனியில் மட்டும் பூக்கும். படுக்கைவசமாக வளைத்துக் கட்டினால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கக்கிளை கிளம்பி, அத்தனையிலும் பூ வரும். வளைவில் என்றால் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள். கிளை இளசாக, பச்சையாக இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும், முற்றினால் ஒடியும்.

கேள்வி: என் கெர்ட்ரூட் ஜெக்கில் எட்டடிக்கு நாலு கிளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பூ நுனியில் ஒன்றிரண்டுதான். புதர் ரோஜா என்றுதானே எழுதியிருந்தார்கள்?

டேவிட் ஆஸ்டின் 1986-ல் அதைப் புதராகத்தான் வெளியிட்டார். அவருடைய இங்கிலாந்துத் தோட்டத்தில் அது புதர். வெப்பமான காலம் நீண்ட இடங்களில் அதே செடி கைகளை வீசிக்கொண்டு கொடியாக வளரப் பார்க்கும். வெட்டி வெட்டிக் குட்டையாக்க முயலாதீர்கள், மறுபடியும் அதே நீளத்துக்குத்தான் கிளம்பும். மேலே சொன்னபடி வளைத்து வேலியில் கட்டுங்கள், அல்லது கிளை நுனிகளைத் தரையோடு முளையடித்து வில் போல நிறுத்துங்கள். கையுறை அவசியம், அதன் முள் பொல்லாதது. இந்த மணத்துக்காக இவ்வளவு பாடும் படலாம் என்று மனதாரச் சொல்கிறேன். பழைய ரோஜா மணம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் நீட்டுவேன்.

கேள்வி: என் ஒட்டுச் செடியில் ஏழு இலைத் தளிர் வருகிறது. காட்டு ரோஜாவாகிவிட்டது, வெட்டிவிடு என்கிறார்கள்.

வெட்டாதீர்கள், முதலில் குனிந்து பாருங்கள். நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு இலை வரும். எண்ணிக்கையை விடுங்கள், தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்கு மேலே என்றால் அது உங்கள் செடியேதான். முடிச்சுக்குக் கீழே, அடிச்செடியின் வேர்ப்பக்கத்திலிருந்து என்றால் மண்ணைத் தள்ளி, தொடங்கும் இடத்திலேயே பிடித்து இழுத்துக் கிழித்து எடுங்கள். கத்தரித்தால் ஒன்று போன இடத்தில் மூன்று வரும்.

கேள்வி: எங்கள் வீட்டு ஐஸ்பெர்க் பதினைந்து வருடச் செடி. நோய் இல்லை, வருடம் முழுக்கப் பூ. ஆனால் மணம் இல்லை. எடுத்துவிட்டு அதே குழியில் மணக்கும் ரோஜா வைக்கலாம் என்று மகள் சொல்கிறாள். உங்கள் யோசனை?

எனக்கு மனம் வரவில்லை. 1958-ல் கார்டெஸ் கொடுத்த செடி அது. நோயில்லாமல் பதினைந்து வருடம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது என்றால், உங்கள் மண்ணும் காற்றும் அதற்குப் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து வைப்பதற்கும் பிடிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதில் மணம் அடியோடு இல்லை என்பதும் சரியில்லை. இதமான வெயிலில் ஒரு கொத்தை இரண்டு கையாலும் அணைத்து முகர்ந்து பாருங்கள், தேன் போல மெல்லியதாக ஒன்று இருக்கும்.

மகளுக்கு மணக்கும் செடி வேண்டும், அது நியாயமான ஆசை. ஐஸ்பெர்குக்கு நாலடி தள்ளி, ஜன்னல் பக்கமாக ஒரு சன்ஸ்பிரைட்டோ மிஸ்டர் லிங்கனோ வைத்துக்கொடுங்கள். அதே குழியில் மட்டும் வேண்டாம். ரோஜா நீண்ட நாள் நின்ற மண்ணில் புது ரோஜா வைத்தால் வேர் பிடிக்காமல் சோர்ந்துபோகும். அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால் ஒன்றரை அடி ஆழத்துக்கும் அகலத்துக்கும் பழைய மண்ணை முழுக்க அள்ளி வெளியே போட்டு, ரோஜா வளராத இடத்து மண்ணும் மட்கிய தொழுஉரமும் நிரப்பி, அதன் பிறகு நடுங்கள்.